அப்பாவின் கற்களைக் குளிப்பாட்டிய கதை

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் அவருடைய கற்களை நான் குளிப்பாட்டினேன். நல்ல எண்ணத்தில்தான். மூன்று ட்ரங்குப் பெட்டி நிறையப் புதைபடிவக் கற்கள், முப்பது வருட மண்ணும் தூசியுமாகக் கிடந்தன. எங்காவது ஒரு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் அவர் பெயர் நிற்கும், கொடுப்பதைச் சுத்தமாகக் கொடுப்போமே என்று தோன்றியது. அந்த ஒரு வாரத்தில் நான் செய்ததைச் சரிக்கட்டப் பதினாலு மாதம் ஆனது. கையிலிருந்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. பணம் போனால் போகட்டும், சம்பாதித்துக்கொள்ளலாம். மற்றது வராது. யாராவது ஒருவர் அந்த வாரத்தில் எனக்கு ஒரு போன் செய்து "எதையும் தொடாதே" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல ஆள் இல்லை. அதனால் நான் இதை எழுதி வைக்கிறேன்.

அப்பா அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்தார். படித்தது பத்தாவது. கல்லூரிகளிலிருந்து புவியியல் மாணவர்கள் சுரங்கம் பார்க்க வரும்போது கூடப் போய் இடம் காட்டுவது அவர் வேலை. அவர்களிடமிருந்துதான் இந்தப் பைத்தியம் தொற்றியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் டி.வி.எஸ். 50-யில் ஒரு சாக்கு, ஒரு சுத்தியல், ஒரு தூக்குவாளி. காரை, கருடமங்கலம், கல்லங்குறிச்சி, ஊட்டத்தூர் என்று போவார். அந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் கடல். ஏறக்குறைய 11 கோடி ஆண்டுக்கு முன்பிலிருந்து ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன்பு வரைக்கும் கடல் உள்ளே வந்தும் பின்வாங்கியும் படியவைத்த மண்ணும் கல்லும்தான் அந்த ஊர்கள். அந்தக் கடலில் வாழ்ந்து கல்லாகிப்போன உயிர்களைத்தான் அவர் பொறுக்கினார். கணவாய்க்கு உறவான, இப்போது உலகில் இல்லாத உயிரிகளின் மிச்சமான சுருள் சுருளான அம்மோனைட்டுகள், துப்பாக்கித் தோட்டா போன்ற பெலம்னைட்டுகள், உள்ளங்கை அளவு சிப்பிகள், கடல் முள்ளெலிகள் எல்லாம் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தன. அம்மா இருந்தவரை அதற்காகச் சண்டை. அம்மா போன பிறகு சண்டை போட ஆளில்லாமல் மூன்றாவது பெட்டியும் வந்துவிட்டது.

வீட்டை இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். தம்பி குவைத்தில் இருக்கிறான். "கல்லையெல்லாம் எங்கயாவது கொட்டிட்டுப் போக்கா" என்றான். எனக்கு மனசு வரவில்லை. சரி என்று ஒரு சனிக்கிழமை பெரிய டப்பில் தண்ணீர் பிடித்து, துணி துவைக்கும் பிரஷ்ஷோடு உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு கல்லிலும் ஒரு ஓரத்தில் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு வெள்ளை எனாமல் பெயிண்ட் திட்டு இருந்தது. அதன் மேல் கறுப்பு மையில் எண். 38, 114, 265. எத்தனை கல் என்று எண்ணி வைத்திருக்கிறார் போல என்று நினைத்தேன். பார்வைக்கு அசிங்கமாக இருந்தது. பிரஷ்ஷுக்குப் போகவில்லை, அதனால் தின்னர் வாங்கி வந்து பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். அழகாகப் போய்விட்டது. துடைக்கத் துடைக்க ஒரு திருப்தி வேறு. துக்க காலத்தில் கைக்கு ஒரு வேலை கிடைத்தால் மனசு எப்படி அதைப் பிடித்துக்கொள்ளும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

பதினான்கு வெள்ளைக் களிமண் சில்லுகள் இருந்தன. காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி. மேலே லேசாக ஏதோ கோடு தெரிந்தது. எல்லாவற்றையும் அழுக்கு ஊறட்டும் என்று ராத்திரி டப்பில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் டப்பின் அடியில் கஞ்சி மாதிரி ஒரு வண்டல். சில்லுகளைக் காணோம். அவை பெரம்பலூர் பக்கம் தெரணிக் களிமண் குழிகளில் எடுத்தவை. டைலோஃபில்லம் என்ற செடியின் இலைகள், சீப்பு மாதிரி இரண்டு பக்கமும் பல் வைத்தவை, அந்தக் களிமண்ணில் பதிந்து கிடைக்கும். டைனோசர் காலத்து இலை. தண்ணீர் பட்டால் களிமண் கரையும் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு அன்று தோன்றவில்லை.

அடுத்தது ஆசிட். கழிவறைக்கு ஊற்றும் அதே ஆசிட்தான். கல்லங்குறிச்சிச் சிப்பிகளில் ஒட்டியிருந்த கல் போகவில்லை என்று வாளியில் ஊற்றி முக்கினேன். சோடா மாதிரிப் பொங்கியது. அழுக்குதான் பொங்குகிறது என்று நினைத்தேன். பொங்கியது சிப்பியே. ஓடும் சுண்ணாம்பு, அதைச் சுற்றியிருக்கும் கல்லும் சுண்ணாம்பு, ஆசிட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். மேலே இருந்த வளர்ச்சிக் கோடுகள், மரத்துக்கு வளையம் மாதிரி சிப்பிக்கு இருக்கும் வரிகள், பத்து நிமிடத்தில் மழுங்கிப்போயின. ஆய்வகங்களில் அமிலம் பயன்படுத்துவார்கள், உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் எலும்பைச் சுண்ணாம்புக்கல்லிலிருந்து விடுவிக்க, அதுவும் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், நாள்கணக்கில் பொறுமையாக. எலும்பு பாஸ்பேட் என்பதால் அது தாங்கும். சிப்பியும் அம்மோனைட்டும் அப்படியில்லை.

கடைசியில் வார்னிஷ். இரண்டு கோட்டிங். கல்யாண வீட்டு அல்வா மாதிரி மின்னின. அத்தை வந்து பார்த்துவிட்டு ஒரு சுருளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இது சாளக்கிராமம்டி, பூஜையில வைக்கிறத ஆசிட்ல போட்டிருக்கியே" என்றார். ஒரு வகையில் அவர் சொன்னது தப்பில்லை. கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்தான், நம்மூர்ச் சுருளைவிட மூத்த ஜுராசிக் காலத்தது. அந்த வீட்டில் அந்த வாரம் சரியாகப் பேசிய ஒரே ஆள் அத்தைதான்.

மூன்றாவது பெட்டிக்குச் சாவி கிடைக்கவில்லை. பூட்டை உடைக்க ஆள் வரச் சொல்லியிருந்தேன், வரவில்லை. அந்தச் சாவி தொலைந்தது எனக்கு நடந்த பெரிய நல்லது.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் தாத்தாவோ மாமாவோ சேர்த்த இப்படியான கற்கள் இருந்தால், முதல் வேலை படம் எடுப்பது. பெட்டி திறந்தபடி ஒரு படம், எந்தக் கல் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று தெரியும்படி. பிறகு ஒவ்வொரு கல்லையும் ஒரு ஸ்கேலோடு வைத்து நாலு பக்கமும் படம். ஒட்டியிருக்கும் சீட்டு, சுற்றியிருக்கும் காகிதம், கட்டியிருக்கும் நூல், எழுதிய எண் எதையும் பிரிக்காதீர்கள். அந்தக் காகிதம் பழைய செய்தித்தாளாக இருந்தால் அதன் தேதிகூட ஒரு சாட்சி. தண்ணீர், தின்னர், ஆசிட், எண்ணெய், வார்னிஷ் எதுவும் வேண்டாம். தூசி மட்டும் போக வேண்டுமென்றால் மென்மையான பெயிண்ட் பிரஷ் போதும். அழுக்காக இருக்கும் கல்லைக் குறை சொல்லி யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

அடுத்த தப்பைச் செய்ய எனக்கு மூன்று வாரம்தான் ஆனது. பக்கத்து வீட்டுப் பையன் மின்னும் கற்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறான். அதில் பந்து மாதிரி நாலைந்து உருண்டைக் கற்களும் இருந்தன. ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். பழைய பொருள் சேகரிப்பவர் என்றார். உருண்டைகளைப் பார்த்துவிட்டு டைனோசர் முட்டை என்றார். வெளிநாட்டில் லட்சக்கணக்கில் போகும், அதற்கு லேப் சர்டிபிகேட் வேண்டும், செலவு பதினைந்தாயிரம், சாம்பிளுக்கு நல்ல அம்மோனைட் ஆறும் வேண்டும். நான் விற்கிற எண்ணத்தில் இல்லை. ஆனால் சர்டிபிகேட் என்ற சொல் என்னை மயக்கியது. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும்போது ஒரு தாள் கையில் இருந்தால் மரியாதையாக இருக்குமே என்று கொடுத்தேன். அதன் பிறகு அந்த எண் எடுக்கவே இல்லை.

முட்டைக் கதையை நான் ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்க வேண்டும். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி தோண்டும்போது உருண்டைக் கற்கள் வந்து, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. பார்த்த புவியியலாளர்கள் அவை முட்டை இல்லை, கடலடி வண்டல் ஒரு கருவைச் சுற்றித் திரண்டு இறுகிய உருண்டைகள் என்று சொன்னார்கள். உள்ளே அந்தக் கருவாக இருப்பது பல நேரம் ஒரு சிப்பியோ அம்மோனைட்டோதான். அப்பாவின் உருண்டைகளும் அதே ரகம். காவல் நிலையத்துக்குப் போனேன். மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். "காணாமப் போன கல்லுக்கு என்னம்மா அடையாளம்?" என்று எழுத்தர் கேட்டார். படம் இல்லை, எடை தெரியாது, எண் இருந்தது, அதை நானே துடைத்துவிட்டேன். சுருளாக இருக்கும் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். பாவம், அவரும் வேறென்ன செய்வார்.

சரி, நேரே அருங்காட்சியகங்களுக்கே எழுதலாம் என்று ஐந்து இடங்களுக்குக் கடிதமும் மின்னஞ்சலும் அனுப்பினேன். இரண்டு பதில் வந்தது. இரண்டிலும் ஒரே கேள்வி: எந்த இடத்தில், எந்தப் பாறை அடுக்கில் எடுத்தது? அரியலூர் என்று எழுதினேன். அதோடு பதில் நின்றது. ஒரு அலுவலகத்துக்கு நேரில் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். கடைசியில் வந்த இளைஞர் என் பையிலிருந்த மூன்று கற்களையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கும்மா, வீட்டுலயே ஷோகேஸ்ல வையுங்க" என்றார். பஸ்ஸில் வரும்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. முப்பது வருட உழைப்பு, இலவசமாகத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறார்களே என்று.

அந்த ஆத்திரம் தப்பு என்று எனக்குப் புரியவைத்தவர் திருச்சியில் இருக்கும் ஓய்வுபெற்ற புவியியல் பேராசிரியர் ஒருவர். தெரிந்தவர் மூலமாகப் போனேன். முதலில் கல்லைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "ஏம்மா, வெள்ளைப் புள்ளி எதுவும் இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது சார், துடைத்துவிட்டேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் அழுதேன். அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். அருங்காட்சியகம் என்று நாம் பார்ப்பது முன்பக்கம் மட்டும். கண்ணாடிப் பெட்டி, விளக்கு, பள்ளிப் பிள்ளைகள். ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்த அருங்காட்சியகமாக இருந்தால் அதன் பின்னால் இழுப்பறைகள், பதிவேடுகள், எண்கள் என்று இன்னொரு கட்டடமே இருக்கும். சேகரிப்பில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கும், யார் கண்ணிலும் படாது. முன்பக்கத்துக்கு அழகு வேண்டும், பின்பக்கத்துக்குக் குறிப்பு வேண்டும். என் கற்கள் முன்பக்கத்துக்குப் போதுமான அழகில்லை, அதைவிட நல்ல அம்மோனைட் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பின்பக்கத்துக்குத் தேவையான குறிப்பை நான் தின்னரில் கரைத்துவிட்டேன்.

1840களில் கேய், கன்லிஃப் என்று இரண்டு பேர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கமெல்லாம் பொறுக்கிய படிவங்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அங்கே இருந்தபடியே அவற்றை ஆராய்ந்து 1846-இல் அறிக்கை வெளியிட்டார். எந்தக் கல் எந்த ஊர் என்ற குறிப்பு கூடவே போனதால்தான் அது முடிந்தது. அதற்குப் பின்னால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஸ்டோலிச்கா நம்மூர்க் கற்களைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதினார். இன்றைக்கும் ஒரு மாணவர் காரையில் ஒரு சுருளை எடுத்தால் அந்தப் படங்களோடு ஒப்பிட்டுத்தான் பெயர் சொல்கிறார். "கல்லு இருந்தும் குறிப்பு இல்லேன்னா இந்தக் கதி. குறிப்பு இருந்தும் கல்லு இல்லாமப் போனதும் நம்மூர்லயே நடந்திருக்கு" என்றார் பேராசிரியர். அரியலூர் கல்லமேட்டில் கிடைத்து, பிருகத்காயோசாரஸ் என்று 1980களில் பெயர் வைத்த ராட்சத எலும்புகள் பிறகு உதிர்ந்தே போய்விட்டன. இன்று படமும் எழுத்தும்தான் மிச்சம், அது நிஜமாகவே எவ்வளவு பெரிய டைனோசர் என்ற சண்டை ஓயவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். மூன்றாவது பெட்டியின் பூட்டை ரம்பத்தால் அறுத்தோம். உள்ளே 122 கற்கள், எண்ணோடு, மண்ணோடு. இன்னும் மூன்று தெரணி இலைகளும் அதில் இருந்தன. எண்ணைப் பார்த்ததும் அவர் கேட்டார்: "அப்ப எங்கயோ ஒரு நோட்டு இருக்கணுமே?"

அந்த நோட்டைத் தேடிய இரண்டு மாதத்தைச் சுருக்குகிறேன். அது அத்தை வீட்டில் இருந்தது. சுரங்கத்தில் வருடா வருடம் கொடுக்கும் டைரிகள், ஐந்து. காரியத்துக்கு வந்தபோது பாதிப் பக்கம் எழுதாமல் கிடக்கிறதே என்று அத்தை எடுத்துப் போய்ப் பால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இடது பக்கம் "காலை 1 லி, மாலை ½ லி". வலது பக்கம் அப்பாவின் கோணல் எழுத்து: "114. காரை. ஓடையின் கிழக்குக் கரை. ஜிப்சம் கோட்டுக்கு மூன்று அடி மேலே. சாம்பல் களிமண். மழைக்குப் பிறகு." பக்கத்தில் பேனாவால் ஒரு சின்னப் படம். மொத்தம் 412 பதிவுகள். பத்தாவது படித்த மனிதர், யாரும் கேட்காமல், 28 வருடம் இப்படி எழுதியிருக்கிறார். என்னிடம் ஒரு நாள்கூடக் காட்டியதில்லை. நானும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

எண் போன கற்களை எண்ணோடு சேர்ப்பது கல்யாணக் கூட்டத்தில் செருப்பு தேடுவது மாதிரி. என்னிடம் குளிப்பாட்டிய கற்கள் 250 மிச்சம். டைரிப் படத்தில் ஒரு உடைப்பு, ஒரு விரிசல் தெரிந்தால் அதை வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினோம். ஆபீஸ் முடிந்து ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, ஐந்து மாதம். 58 கல்லுக்கு எண் கிடைத்தது. இன்னும் 31 கல்லுக்கு ஒரு பாதி வழி கிடைத்தது, அது நான் எதிர்பாராதது. சில அம்மோனைட்டுகளின் வாய்க்குள்ளும் சிப்பிகளின் இடுக்கிலும் என் பிரஷ் நுழையாத இடத்தில் ஒரு சிட்டிகை பழைய களிமண் இருந்தது. பேராசிரியர் அதை ஊசியால் நோண்டி எடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து, மெல்லிய சல்லடையில் அலசி, மைக்ராஸ்கோப்பில் காட்டினார். உப்புத்தூள் அளவில் அழகழகான ஓடுகள். ஃபோராமினிஃபெரா என்று பெயர், ஒற்றைச் செல் கடல் உயிரிகள். ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு வகை. அதை வைத்து இந்தக் கல் காரை அடுக்கு, இது அதற்கு மேலே என்று சொல்ல முடிந்தது. நான் வாளி வாளியாகக் கீழே ஊற்றிய அழுக்கில்தான் அவ்வளவு விஷயமும் இருந்திருக்கிறது.

மற்ற 161 கல்லும் இனி எந்த ஊர் என்று தெரியாத கற்கள். பெலம்னைட்டுகளை நான் வார்னிஷ் பூசாமல் வைத்திருந்தாலாவது வேறு உபயோகம் உண்டாம். அந்தத் தோட்டாவின் சுண்ணாம்பில் இருக்கும் ஆக்சிஜன் வகைகளின் விகிதத்தை அளந்து அந்தக் காலத்துக் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று கணக்குப் போடுகிறார்கள். அதற்கும் எந்த அடுக்கு என்று தெரிய வேண்டும், மேற்பரப்பும் கெடாமல் இருக்க வேண்டும். இரண்டையும் நான் கெடுத்துவிட்டேன்.

நடுவில் லக்னோ போய் வந்ததையும் சொல்ல வேண்டும். அந்த முட்டாள்தனத்துக்கு நானே பொறுப்பு. இலைப் படிவம் என்றால் பீர்பல் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம் என்று எங்கோ படித்துவிட்டு, பேராசிரியரிடம்கூடச் சொல்லாமல், மூன்று தெரணி இலைகளைப் பஞ்சில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். இரண்டு ராத்திரி. இறங்கியது சனிக்கிழமை. அலுவலகம் திங்கள்கிழமைதான் என்று கிளம்பும் முன் யோசிக்கவில்லை. இரண்டு நாள் லாட்ஜில் இருந்தேன், மொத்தச் செலவு பதிமூன்றாயிரம். திங்கட்கிழமை போனால், கிடைத்த பதில் நானே யோசித்திருக்க வேண்டியதுதான்: முன்கூட்டியே எழுதி, படமும் குறிப்பும் அனுப்பி, வரச் சொன்னால் மட்டும் கல்லோடு வர வேண்டும். கல்லைத் திரும்ப மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு சில்லின் ஓரம் பஞ்சோடு பிய்ந்து வந்துவிட்டது. களிமண் படிவத்தைப் பஞ்சில் சுற்றவே கூடாது, நூல் நூலாகப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய டிஷ்யூ காகிதம், அதற்கு மேல் ஸ்பாஞ்ச், ஒரு பெட்டிக்கு ஒரு கல், பெட்டிக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு.

ஆனாலும் அந்தப் பயணத்தை நான் வெறுக்கவில்லை. தாவரப் படிவ ஆய்வாளர் பீர்பல் சாஹ்னியும் அவர் மனைவி சாவித்திரியும் தங்கள் சொந்தப் புத்தகங்களையும் படிவங்களையும் கொடுத்துத்தான் 1946-இல் அந்த நிறுவனம் தொடங்கியது. 1949 ஏப்ரல் 3-ஆம் தேதி நேரு அடிக்கல் நாட்டினார். அந்த அடிக்கல் சாதாரணக் கல் இல்லை, பல நாட்டுப் படிவங்களைப் பதித்துச் செய்த பலகை. அடுத்த வாரமே, 10-ஆம் தேதி, சாஹ்னி மாரடைப்பில் இறந்துவிட்டார். சாவித்திரி சாஹ்னி நிறுவனத்தைக் கையில் எடுத்து நடத்தினார். கட்டடம் 1953-இல் திறக்கப்பட்டது. இதை நினைத்துக்கொண்டே திரும்பும் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவுக்கும் வீட்டில் ஒருவர் விட்டுப்போன கல் பெட்டிகள்தான். என்ன கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இனிமேல் நான் எப்படிச் செய்வேன் என்று கேட்டால், முதலில் பக்கத்து ஊர்க் கல்லூரியின் புவியியல் துறைக்குப் போவேன். தூரத்துப் பெரிய பெயரைத் தேடி ஓட மாட்டேன். அரியலூர்க் கல் என்றால் வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் புவியியல் பகுதி உண்டு. போகும்போது சாக்கோடு போக வேண்டாம், பத்துப் படமும் ஒரு பட்டியலும் போதும். பட்டியலில் எண், ஊர், இடம், எடுத்த தேதி, எடுத்தவர் பெயர். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள், ஊகத்தை எழுதி நிரப்பாதீர்கள், தப்பான ஊர் எழுதிய கல் ஊரே இல்லாத கல்லைவிட மோசம். வாங்கிக்கொண்டால் பதிவேட்டு எண்ணோடு எழுத்தில் ரசீது கேளுங்கள். எல்லாவற்றையும் காட்சிக்கு வைக்க வேண்டும், அப்பா பெயரில் தனி அறை வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போட்டால் பேச்சே நின்றுவிடும். நான் ஒரு இடத்தில் அப்படிக் கேட்டு மூன்று மாதத்தைக் கெடுத்துக்கொண்டேன். சர்டிபிகேட்டுக்குப் பணம் கேட்பவரிடம் கல்லைக் கையில்கூடக் கொடுக்காதீர்கள். சாத்தனூர்க் கல்மரம், திருவக்கரை மாதிரி தேசியப் புவியியல் சின்னங்களில் ஒரு துணுக்குகூட எடுக்கக் கூடாது. அப்படி எடுத்தது வீட்டில் இருந்தால் எந்த அருங்காட்சியகமும் சங்கடப்படும். அப்பா டைரியில் சாத்தனூர் நாலு முறை வருகிறது, நாலு முறையும் "பார்த்தேன், எடுக்கவில்லை" என்றுதான் இருக்கிறது.

ஈரமும் ஒரு எதிரி. பித்தளை மாதிரி மின்னும் பைரைட் ஏறிய படிவங்களை மழைக்காலத்தில் மூடாமல் வைத்தால் வெள்ளைப் பொடி பூத்து உள்ளிருந்தே உதிரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். புதிதாக எண் எழுத வேண்டுமென்றால் பாரலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து ஒரு சின்னத் திட்டு, காய்ந்ததும் மையால் எண், அதன் மேல் மறுபடி ஒரு திட்டு. தேவைப்பட்டால் கல்லுக்குச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம். அருங்காட்சியகங்களில் இதைத்தான் செய்கிறார்கள். எண் எழுதும் இடம் கல்லின் முக்கியமான பக்கமாக இருக்கக் கூடாது.

எண்ணோடு இருக்கும் 180 கற்களும் ஊர் ஓரளவு தெரிந்த 31-உம் இப்போது ஒரு கல்லூரியின் புவியியல் துறையில் இருக்கின்றன. கூடவே டைரிகளின் நகல், பால் கணக்கோடு. பேராசிரியர் அதை அழிக்க வேண்டாம் என்றார். ஊர் தெரியாததில் 118 கற்களை இரண்டு பள்ளிகளுக்குக் கொடுத்தேன், பிள்ளைகள் தொட்டுப் பார்க்க. வார்னிஷ் இருப்பதால் கை பட்டாலும் ஒன்றும் ஆகாது. அதில் மட்டும் நான் நல்லது செய்திருக்கிறேன்.

207-ஆம் பதிவு இது: "காரை. 12.5.1991. தண்ணீர் அரித்த பள்ளத்தில். பெலம்னைட். பாப்பா எடுத்தது." எனக்கு அப்போது ஏழு வயது. வெயிலில் அழுதது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. பெலம்னைட்டுகளில் உடைப்பும் இல்லை, விரிசலும் இல்லை, படத்தில் எல்லாம் ஒன்றே போல. ஊர் தெரியாத பெலம்னைட்டுகள் என்னிடம் 43 இருக்கின்றன. அவற்றை யாருக்கும் கொடுக்கவில்லை.